ஹெரெரிக்குக்கு நஞ்சு வைத்தது யார்? எல்மெட்டில் செத்த ஒரு இளவரசனின் கதை

இந்த வழக்கில் சாட்சி ஒரே ஒருவர்தான். அவரும் சம்பவம் நடந்து ஏறக்குறைய 60 வருஷம் கழித்துப் பிறந்தவர். வட இங்கிலாந்தில் ஜாரோ மடத்தில் வாழ்ந்த பீட் என்கிற துறவி, 731-ல் எழுதி முடித்த ஆங்கிலேயத் திருச்சபை வரலாற்றில், விட்பி மடத்தின் தலைவி ஹில்டாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருகிறார். ஹில்டாவின் அம்மா பிரெகுஸ்வித் கண்ட ஒரு கனவைச் சொல்லத் தொடங்கி, அது எப்போது நடந்தது என்று குறிப்பதற்காக, அவள் கணவன் ஹெரெரிக் பிரித்தானியரின் அரசன் கெர்டிக்கிடம் அடைக்கலம் புகுந்திருந்த காலம் அது என்கிறார். அந்த இடத்தில், அங்கேயே நஞ்சால் இறந்தும் போனான் என்று போகிற போக்கில் சேர்த்துவிட்டு மறுபடியும் கனவுக்குப் போய்விடுகிறார். லத்தீனில் எண்ணிப் பார்த்தால் நாலே சொல். யார் கொடுத்தது, எதில் கலந்தது, ஏன், எதுவும் கிடையாது.

அந்த நாலு சொல்லை முதல் தடவை படித்தபோது என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. ஒரு மனிதனுடைய சாவை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கடந்து போக முடியுமா என்று இருந்தது. அப்புறம் சுற்றியிருக்கிற விஷயங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினேன். குற்றவாளி இன்னார் என்று விரல் நீட்டும் அளவுக்குச் சான்று இல்லை. ஆனால் இது எப்படி நடந்திருக்கும் என்று சொல்லுமளவுக்கு இருக்கிறது என்பது என் கருத்து. அதற்குக் காரணம், இதே நேரத்தில், இதே எதிரிக்குப் பயந்து, இதே குடும்பத்து இன்னொருவனும் வேறொரு அரசனிடம் அடைக்கலம் இருந்தான். அவன் பிழைத்துக்கொண்டான். அவன் கதையை பீட் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

முதலில் குடும்பம். இன்றைய யார்க்ஷயர் பக்கம் டெய்ரா என்று ஒரு ஆங்கிலேய அரசு, அதற்கு வடக்கே பாம்பரோ கோட்டையை மையமாகக் கொண்ட பெர்னிசியா என்று இன்னொன்று. டெய்ராவை ஆண்டவன் ஏல்லே. அவன் மகன் எட்வின். ஹெரெரிக் எட்வினின் உடன்பிறந்தவர் ஒருவரின் பிள்ளை, வசதிக்காக மருமகன் என்றே சொல்கிறேன். அண்ணன் தம்பி பிள்ளையா, அக்கா தங்கை பிள்ளையா என்பதை பீட் எழுதிய லத்தீன் சொல்லை வைத்துப் பிரிக்க முடியாது. நம் மொழியில் எழுதியிருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும், ஏனென்றால் நமக்கு அந்த இரண்டும் ஒன்றல்ல. வழக்குக்கு இது முக்கியம் என்பதால் பின்னால் மறுபடியும் இதற்கு வருகிறேன்.

604 வாக்கில் பெர்னிசியாவின் அரசன் ஏத்தெல்ஃப்ரித் டெய்ராவையும் பிடித்துக்கொண்டான். எட்வினின் உடன்பிறந்தவளான ஆக்காவை மணந்தும் கொண்டான். ஊரைப் பிடித்தவன் அந்த ஊர் அரச வீட்டிலேயே பெண் எடுத்தால் அந்த வீட்டு ஆண்களுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்து ஆங்கிலேய அரசுகளில் மூத்த மகனுக்குத்தான் பட்டம் என்ற விதி கிடையாது. அரச வம்சத்து ரத்தம் உள்ள, ஆள் சேர்த்து வாள் தூக்கக்கூடிய எந்த ஆணும் நாளைக்கு அரசனாகலாம். ஏத்தெல்ஃப்ரித்தின் கண்ணில் எட்வினும் ஹெரெரிக்கும் உயிரோடு இருப்பதே குற்றம். நம்மூர் தாயாதிப் பகை மாதிரிதான், ஆனால் இங்கே சொத்து என்பது ஒரு நாடு.

இருவரும் ஒரே இடத்துக்கு ஓடவில்லை. எட்வின் தெற்கே மெர்சியாவுக்குப் போய், அங்கே கெயர்ல் அரசனின் மகள் குவென்பர்கைக் கட்டி, இரண்டு ஆண் பிள்ளைகள் பெற்று, கடைசியில் கிழக்கு ஆங்கிலியாவின் அரசன் ரெட்வால்டிடம் போய்ச் சேர்ந்தான். ஹெரெரிக் பக்கத்திலேயே, மேற்கே இருந்த எல்மெட்டுக்குப் போனான்.

எல்மெட் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டிய இடம். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருந்த பிரித்தானியரின் கடைசிச் சிற்றரசுகளில் ஒன்று அது. இப்போதைய லீட்ஸ் நகரைச் சுற்றிய பகுதி. பார்விக் இன் எல்மெட், ஷெர்பர்ன் இன் எல்மெட் என்று இன்றைக்கும் ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிற்காலத்து வரிப்பட்டியல் ஒன்றில் எல்மெட்காரர்களுக்குப் போட்டிருக்கிற அளவு 600 ஹைடு, அதாவது சுமாராக 600 குடும்பத்துக்கான நிலம். அதே பட்டியலில் மெர்சியாவுக்கு 30,000. இதிலிருந்தே எல்மெட் எவ்வளவு சின்ன இடம் என்று புரியும். பீட் சொல்கிற கெர்டிக்தான் எல்மெட்டின் அரசன் கெரெட்டிக் என்பது ஆய்வாளர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வது. அவனுடைய எல்லையிலிருந்து டெய்ராவின் யார்க் நகரம் எட்டிப் பிடிக்கிற தூரம், லீட்ஸிலிருந்து கணக்குப் போட்டாலும் 40 கிலோமீட்டருக்குள். ஏத்தெல்ஃப்ரித்தின் ஆள் ஒருவன் காலையில் குதிரை ஏறினால் அன்றைக்குள் கெரெட்டிக்கின் வாசலில் நிற்கலாம்.

ஹெரெரிக் ஏன் இவ்வளவு பக்கத்தில் இருந்தான்? திரும்பிப் போகும் நினைப்பில் இருந்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. கூடப் பிரெகுஸ்வித், இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் ஹெரெஸ்வித்தா ஹில்டாவா என்று பீட் சொல்லவில்லை. ஆனால் ஹில்டா 680 நவம்பர் 17-ல் 66 வயதில் இறந்தார் என்று தெளிவாக எழுதியிருக்கிறார், அதனால் 614-ல் பிறந்திருக்க வேண்டும். அம்மாவின் கனவு ஹில்டாவின் சிசுப் பருவத்தில் வந்தது என்றும் சொல்கிறார். ஆக ஹெரெரிக் செத்தது 614-க்கும் 616-க்கும் நடுவில் என்று வைக்கலாம். 616-ல் ஏத்தெல்ஃப்ரித் போரில் செத்து எட்வின் அரசனாகிவிட்டான், அதற்குப் பிறகு ஹெரெரிக் ஏத்தெல்ஃப்ரித்துக்குப் பயந்து ஒளிந்திருக்க அவசியமில்லை.

இப்போது ரெட்வால்டின் அரண்மனையில் என்ன நடந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் எல்மெட்டில் நடந்ததற்கான திறவுகோல் அங்கேதான் இருக்கிறது.

எட்வின் அங்கே இருப்பது தெரிந்ததும் ஏத்தெல்ஃப்ரித் தூதர்களை அனுப்பினான். எட்வினைக் கொன்றுவிட்டால் நிறைய வெள்ளி தருகிறேன் என்றான். ரெட்வால்ட் அசையவில்லை. இரண்டாம் தடவை ஆள் வந்தது, மூன்றாம் தடவையும் வந்தது. மூன்றாம் தடவை இன்னும் அதிக வெள்ளி, கூடவே மறுத்தால் போர் என்ற மிரட்டல். ரெட்வால்ட் பயந்தோ, காசில் மயங்கியோ, இரண்டு வழியில் ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டான்: தானே எட்வினைக் கொல்வது, இல்லாவிட்டால் தூதர்களிடம் ஒப்படைப்பது. விஷயம் தெரிந்த நண்பன் ஒருவன் இரவில் எட்வின் படுக்கப் போகும் நேரத்தில் அவனை வெளியே அழைத்து, இப்போதே கிளம்பு, ரெட்வால்டோ ஏத்தெல்ஃப்ரித்தோ கண்டுபிடிக்க முடியாத இடத்துக்கு உன்னைக் கூட்டிப்போகிறேன் என்றான். எட்வின் மறுத்தான். இத்தனை வருஷமாகப் பிரிட்டன் முழுக்க அலைந்தாகிவிட்டது, இனி எங்கே ஓடுவது, சாகத்தான் வேண்டுமென்றால் இந்த மனிதன் கையாலேயே சாகிறேன் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, அரண்மனைக்கு எதிரே ஒரு கல்லில் தனியாக உட்கார்ந்துவிட்டான். அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்த மனிதனை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. உள்ளே தனக்குச் சோறு போட்ட கையே தன்னை விற்கப் போகிறது என்று தெரிந்துகொண்டு, போவதற்கும் இடமில்லாமல், இருட்டில்.

அவனைக் காப்பாற்றியது ரெட்வால்டின் அரசி. அவளுடைய பெயரைக் கூட பீட் எழுதி வைக்கவில்லை. கணவன் தன்னிடம் தனியாக இதைச் சொன்னபோது, இக்கட்டில் இருக்கும் நல்ல நண்பனைப் பொன்னுக்கு விற்பது இவ்வளவு பெரிய அரசனுக்கு அழகல்ல, எல்லா ஆபரணத்தையும் விட மேலான மானத்தைக் காசுக்காக இழக்கலாமா என்று தடுத்துவிட்டாள். ரெட்வால்ட் மனம் மாறினான், படை திரட்டினான், 616-ல் ஐடில் ஆற்றங்கரையில் ஏத்தெல்ஃப்ரித்தைக் கொன்றான். அந்தப் போரில் தன் மகன் ரேகன்ஹெரேயைப் பறிகொடுத்தான். அடைக்கலம் என்ற ஒரு சொல்லுக்கு அந்த வீடு கொடுத்த விலை ஒரு பிள்ளை.

இதை வைத்துக்கொண்டு எல்மெட்டுக்குத் திரும்புங்கள். கிழக்கு ஆங்கிலியா பெரிய அரசு, தொலைவில் இருப்பது. அங்கேயே மூன்று தடவை தூது போயிருக்கிறது, அங்கேயே மூன்றாவது தடவை அரசன் வளைந்துவிட்டான். எல்மெட் ஏத்தெல்ஃப்ரித்தின் வாசற்படியில் கிடக்கிறது. 603-ல் டெக்சஸ்டன் என்ற இடத்தில் ஸ்காட்டுகளின் அரசன் ஐடானின் பெரும்படையை அழித்தவன் அவன். செஸ்டர் போரில், தங்கள் பிரித்தானியப் படைக்காகப் பிரார்த்தனை செய்ய வந்திருந்த பேங்கர் மடத்துத் துறவிகளில் ஏறக்குறைய 1,200 பேரை வெட்டிப் போட்டான், தப்பியவர்கள் 50 பேர் என்று பீட் எழுதுகிறார். அந்தச் செஸ்டர் போரும் இதே 615, 616 வாக்கில்தான். டெய்ராவிலிருந்து செஸ்டருக்குப் படை போகிற திசையில்தான் எல்மெட் இருக்கிறது. கெரெட்டிக்கிடமும் ஒரு தூதன் வந்து உட்கார்ந்திருக்க மாட்டானா? எந்த ஏட்டிலும் அப்படி இல்லை, இது என் ஊகம்தான். ஆனால் எட்வினின் தலைக்காக மூன்று தடவை வெள்ளி அனுப்பியவன், எட்வினை விடப் பக்கத்தில், எட்வினை விட பலவீனமான ஒருவனிடம் இருந்த ஹெரெரிக்கைச் சும்மா விட்டிருந்தான் என்று நம்புவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஏன் நஞ்சு, ஏன் வாள் இல்லை என்ற கேள்வியும் இங்கேதான் அடங்குகிறது. அடைக்கலம் வந்தவனை வெட்டினால் ஊருக்கே தெரியும், உண்ட வீட்டில் ரெண்டகம் செய்தவன் என்ற பெயர் பிள்ளை பேரன் வரை நிற்கும். ஒப்படைத்தாலும் அதே கதிதான். நஞ்சு வைத்தால் காய்ச்சலில் போனான், வயிற்று வலியில் போனான் என்று சொல்லிக்கொள்ளலாம். ஏத்தெல்ஃப்ரித்துக்கும் வேலை முடிந்த மாதிரி, கெரெட்டிக்கின் கையிலும் கறை தெரியாது.

சரி, அது நஞ்சுதானா? நியாயமான கேள்வி. குடல்வால் வெடித்துச் செத்தாலும் நஞ்சு என்று பேசியிருக்கக்கூடிய காலம் அது, அதுவும் செத்தவன் அரச வம்சம், இருந்தது அந்நிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். சாவுக்கு முன் அவனுக்கு என்ன செய்தது என்று ஒரு வரி இருந்தால் கூட ஏதாவது சொல்லலாம், இல்லை. இருந்தாலும் பீட் சாதாரணமாக வதந்தியை வதந்தி என்று சொல்லக்கூடியவர், மற்றவர்கள் சொன்னதை அப்படிச் சொன்னார்கள் என்று குறிக்கிற பழக்கம் உள்ளவர். இங்கே அந்தத் தயக்கம் இல்லை. செய்தி விட்பி மடத்து வழியாக வந்திருக்க வேண்டும், அதாவது ஹில்டாவைச் சுற்றி இருந்தவர்கள் வழியாக. குடும்பம் அதை நஞ்சு என்று நம்பியது என்பது வரைக்கும் நான் தைரியமாகச் சொல்வேன். அந்த அரசியலில் நஞ்சு புதிதும் இல்லை. 626-ல் மேற்கு சாக்சன் அரசன் குவிக்ஹெல்ம் அனுப்பிய எயோமர் என்பவன், தூதன் வேஷத்தில் வந்து, நஞ்சு தோய்த்த இருபுறக் கூர்க் கத்தியால் எட்வினைக் குத்தப் பாய்ந்தான். கையில் கேடயம் இல்லாத லில்லா என்ற மெய்க்காவலன் தன் உடம்பையே குறுக்கே போட்டான். கத்தி அவனைத் துளைத்து அரசனையும் காயப்படுத்தியது. அன்று இரவுதான் எட்வினுக்கு எயன்ஃப்ளேட் என்ற மகள் பிறந்தாள். இந்தப் பெண்ணின் பெயரை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வருவாள்.

எட்வினே செய்திருக்கலாம் என்று ஒரு கருத்தும் உண்டு. மருமகன் உயிரோடு இருந்தால் நாளைக்குப் பட்டத்துக்குப் போட்டி, ஆகவே ஒழித்துக்கட்டினான் என்பது வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. 616 வரைக்கும் எட்வின் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் கல்லில் உட்கார்ந்திருந்தவன். இன்னொரு நாட்டு அரசனின் சமையல்கட்டு வரைக்கும் கை நீட்டுகிற நிலையில் அவன் இல்லை. அப்புறம் உறவுமுறை. டெய்ரா அரச வீட்டில் பெயர்கள் உயிரெழுத்தில் தொடங்குபவை: ஏல்லே, எட்வின், ஆக்கா, எட்வினின் பிள்ளைகள் ஆஸ்ஃப்ரித், எயட்ஃப்ரித். ஹெரெரிக் வீட்டிலோ ஹெரெரிக், ஹெரெஸ்வித், ஹில்டா, எல்லாம் ஹகரம். முதல் ஒலி ஒன்றாக வரும்படி பேர் வைப்பது அந்தக் குடும்பங்களின் வழக்கம். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது என்றாலும், ஹெரெரிக் எட்வினுக்குச் சகோதரி வழிப் பிள்ளையாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது இடம் தருகிறது. அப்படியானால் அவன் பங்காளியே இல்லை, பட்டத்துக்கான உரிமையும் அந்த அளவுக்கு இளைத்துவிடும். மூன்றாவது விஷயம், 627 ஈஸ்டர் அன்று யார்க்கில் எட்வின் ஞானஸ்நானம் பெற்றபோது 13 வயது ஹில்டாவும் அவனோடு பெற்றார். ஹெரெஸ்வித் கிழக்கு ஆங்கிலியா அரச குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, பிற்பாடு ஆல்ட்வுல்ஃப் அரசனுக்குத் தாயானாள். அப்பாவைக் கொன்றவனுடைய நிழலிலும் பிள்ளைகள் வளரலாம்தான், போக்கிடம் இல்லாத விதவைக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இருக்கிற சான்று காட்டுவது காப்பாற்றி வளர்த்த ஒரு மாமனைத்தான்.

எட்வின் அரசனான பிறகு எல்மெட்டைப் பிடித்துக் கெரெட்டிக்கைத் துரத்தினான் என்று ஒன்பதாம் நூற்றாண்டு பிரித்தானிய வரலாறு ஒன்று சொல்கிறது. வேல்ஸ் நாட்டு ஆண்டுக்குறிப்பு 616-ல் கெரெட்டிக் இறந்தான் என்றும், 617-ல் எட்வின் ஆளத் தொடங்கினான் என்றும் போடுகிறது. அந்தக் குறிப்பின் ஆண்டுகள் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே தள்ளும் என்பதால் இரண்டையும் சேர்த்து வைத்துப் படிப்பதில் தவறில்லை. இதை மருமகனுக்காக மாமன் தீர்த்த பழி என்று பலர் எழுதுகிறார்கள். படிக்க நன்றாக இருக்கிறது, எனக்கும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைதான். ஆனால் யார்க்கில் உட்கார்ந்து ஆள்கிற எவனும் பக்கத்து எல்மெட்டை விட்டுவைத்திருக்க மாட்டான். எட்வின் பிற்பாடு ஆங்கிள்சி தீவையும் மேன் தீவையும் கூடப் பிடித்தான், அங்கே எந்த மருமகனும் சாகவில்லை. அப்புறம் அந்தச் சொல், துரத்தினான் என்றுதான் இருக்கிறது, கொன்றான் என்று இல்லை. ரத்தப் பழி என்றால் ஈட்டுத்தொகை வாங்க வேண்டும், இல்லாவிட்டால் உயிரை எடுக்க வேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் வழக்கம். பழி ஒரு காரணமாக இருந்திருக்கலாம், அதைச் சாக்காகவும் எட்வின் காட்டியிருக்கலாம். அதற்கு மேல் அந்த வரியால் பாரம் தாங்க முடியாது.

அந்த வீட்டில் இது கடைசியும் இல்லை. 633-ல் ஹாட்ஃபீல்டில் எட்வின் போரில் விழுந்தபோது மூத்தவன் ஆஸ்ஃப்ரித் கூடவே செத்தான். எயட்ஃப்ரித் வேறு வழியில்லாமல், அந்தப் போரில் எதிரியாக நின்ற மெர்சியாவின் பெண்டாவிடமே போய்ச் சேர, பெண்டா சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அப்புறம் அவனைக் கொன்றான். எட்வினின் விதவை ஏத்தெல்பர்க் மகளோடும், சின்னப் பிள்ளை வுஸ்க்ஃப்ரேயாவோடும், பேரன் யிஃபியோடும் கடல் வழியே கென்ட்டுக்கு ஓடினாள். அது அவளுடைய சொந்த அண்ணன் எயட்பால்ட் ஆள்கிற ஊர். அங்கே கூட அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. புது அரசன் ஆஸ்வால்டுக்குப் பயந்தாள், அண்ணனுக்கும் பயந்தாள், இரண்டு பையன்களையும் காலியா நாட்டு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) அரசன் டகோபெர்ட்டிடம் வளர அனுப்பிவிட்டாள். இரண்டுமே சிறு வயதில் அங்கேயே இறந்தன. கூடப்பிறந்த அண்ணன் வீட்டிலேயே பிள்ளை பிழைக்காது என்று ஒரு தாய் முடிவெடுக்கிறாள் என்றால், அடைக்கலம் என்பதன் உண்மையான நிலை அதுதான். வெளியே தேடுகிற எதிரியை விட, உள்ளே சோறு போடுகிறவன் எப்போது மாறுவான் என்பதுதான் பெரிய பயம். ஹெரெரிக் விஷயத்தில் கெரெட்டிக் தெரிந்தே செய்தானா, கண்ணை மூடிக்கொண்டானா என்று என்னால் பிரிக்க முடியாது. வெள்ளி ஏத்தெல்ஃப்ரித்துடையது, கதவு கெரெட்டிக்குடையது என்பதுதான் என் முடிவு. ரெட்வால்ட் வீட்டில் ஒரு பெண் எழுந்து பேசினாள். எல்மெட்டில் அப்படி யாரும் பேசவில்லை, அல்லது பேசியும் கேட்கவில்லை.

கடைசியாக அந்தக் கனவு. பிரெகுஸ்வித்தின் கனவில் கணவன் திடீரென்று பறிபோகிறான். அவள் விடாமல் தேடுகிறாள், எங்கேயும் ஒரு தடயம் இல்லை. தேடிக்கொண்டே இருக்கும்போது தன் ஆடைக்கு அடியில் விலை மதிக்க முடியாத ஒரு கழுத்தணி இருப்பதைக் காண்கிறாள். பார்க்கப் பார்க்க அது பிரிட்டன் முழுவதையும் நிறைக்கும்படி ஒளி வீசுகிறது. பீட்டுக்கு அந்தக் கழுத்தணி ஹில்டா. அவர் 657-ல் விட்பியில் மடம் நிறுவினார், 664-ல் ஈஸ்டர் தேதி பற்றிய பெரிய விவாதம் அவருடைய மடத்தில்தான் நடந்தது, அங்கே படித்தவர்களில் ஐந்து பேர் ஆயர்களானார்கள், மாடு பார்த்துக்கொண்டிருந்த கெட்மனின் பாட்டை அடையாளம் கண்டு சேர்த்துக்கொண்டதும் அவர்தான். பீட் அந்த ஒளியைப் பார்க்கிறார், நியாயம்தான். எனக்கு முதல் பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. மடியில் கைக்குழந்தையோடு அந்நிய மொழி பேசுகிற ஊரில் ஒருத்தி கணவனைத் தேடுகிறாள், கிடைக்கவில்லை. அதை அவள் யாரிடமோ சொல்லியிருக்கிறாள், அந்த யாரோ இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார், அப்படித்தான் 731-ல் நாலு சொல்லாக வந்து சேர்ந்திருக்கிறது. கனவு இல்லையென்றால் ஹெரெரிக் என்று ஒருவன் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

வேல்ஸில் குவினெத் பகுதியில் லானேல்ஹயார்ன் என்ற ஊரில் ஒரு பழைய கல் இருக்கிறது. எல்மெட்காரன் அலியோர்ட்டுஸ் இங்கே கிடக்கிறான் என்று லத்தீனில் வெட்டியிருக்கிறது. எல்மெட்டிலிருந்து எங்கேயோ போய்ச் செத்தவனுக்கு, போன இடத்தில் பேர் போட்டுக் கல் வைத்திருக்கிறார்கள். எட்வினின் உடல் பின்னாளில் ஹில்டாவின் விட்பி மடத்திலேயே வந்து சேர்ந்தது. கத்திக்குத்து நடந்த இரவில் பிறந்த எயன்ஃப்ளேட்டும், அவள் கணவன் ஆஸ்வியு அரசனும் அதே தேவாலயத்தில்தான் அடங்கியிருக்கிறார்கள். மாமனுக்கு அங்கே இடம் கிடைத்தது, மாமன் மகளுக்குக் கிடைத்தது, அவளைக் கட்டிய ஏத்தெல்ஃப்ரித்தின் மகனுக்கும் கிடைத்தது. அங்கே புதைக்கப்பட்டவர்களைப் பேர் சொல்லி எழுதும்போது பீட் ஹெரெரிக்கின் பேரைச் சொல்லவில்லை.